புல்தரை ஓடுபாதையில் சிறு விமானத்தின் முன்சக்கரத்தை ஏன் சீக்கிரமே தூக்குகிறார்கள்?

தாரோ கான்கிரீட்டோ போடாத, புல்லும் மண்ணும் சரளையுமான ஓடுபாதையில் விமானத்தை ஏற்றி இறக்கத் தனி முறை உண்டு. பப்புவா நியூ கினியில் சாலை எட்டாத மலைக் கிராமங்கள் பலவற்றுக்கு இத்தகைய பாதைகளே உயிர்நாடி.

ஈரமண்ணும் வளர்ந்த புல்லும் சக்கரங்களைப் பிடித்து இழுப்பதால் வேகம் மெதுவாகவே கூடுகிறது. முன்சக்கரம் புதைந்தால் அதன் கால் முறியலாம், சுழலும் விசிறி தரையில் மோதலாம். ஆகவே விமானி கட்டுப்பாட்டுப் பிடியைத் தன் பக்கம் இழுத்து, அச்சக்கரத்தின் மேல் பாரம் விழாமல் பார்த்துக்கொள்கிறார். ஆற்று மணலில் சைக்கிள் ஓட்டுபவர் உடலைப் பின்னுக்குச் சாய்த்து முன்சக்கரத்தின் சுமையைக் குறைப்பது போன்றதே இது. இறங்கும்போதும் அப்படியே, பிரேக்கை இயன்றவரை தொடுவதில்லை. அந்நாட்டின் பல பாதைகள் செங்குத்தான சரிவில் அமைந்திருப்பதால், மேட்டை நோக்கி இறங்கி, பள்ளத்தை நோக்கிப் புறப்படுகிறார்கள். காற்றின் திசையைவிடச் சரிவுக்கே அங்கு முதலிடம்.

சக்கரம் தரையை விட்டதும் விமானம் மேலேறத் தயாராகிவிட்டது என்று பலர் எண்ணுகிறார்கள்; உண்மையில், தரையை ஒட்டிய உயரத்தில் இறக்கைகளின் மேல் காற்றின் இழுவை குறைவதால்தான் அது அவ்வளவு குறைந்த வேகத்திலும் மிதக்கிறது, எனவே சற்று நேரம் தாழ்வாகவே பறந்து வேகம் சேர்க்காமல் மூக்கை உயர்த்தினால் மீண்டும் தரையிலேயே விழக்கூடும்.