சில மாதங்களே ஆண்ட ரோமப் பேரரசர்களின் வெள்ளிக் காசுகளைச் சேகரிக்க ஆசை. யாரிடமிருந்து தொடங்கலாம்?

கி.பி. 238-இல் ஆண்ட பூபியேனஸ், பால்பினஸ் இருவரிடமிருந்து தொடங்குங்கள். செனட் சபை இவர்களை ஒருசேரப் பேரரசர்களாக்கியது. ஆட்சி சுமார் மூன்று மாதம். பூபியேனஸின் ஒரு காசின் பின்புறம் இரண்டு கைகள் கோத்திருக்கும், சுற்றிலும் 'பேரரசர்களின் பரஸ்பர அன்பு' என்று லத்தீனில் எழுதியிருக்கும். ஆனால் இருவருக்கும் ஒருவர்மேல் ஒருவருக்கு நம்பிக்கையே இருக்கவில்லை. மெய்க்காவல் படை கொல்ல வந்தபோது, ஜெர்மானியக் காவலர்களை அழைக்கலாம் என்றார் பூபியேனஸ். அது தன்னை ஒழிக்கும் சூழ்ச்சி என்று தடுத்தார் பால்பினஸ். வாக்குவாதம் முடிவதற்குள் இருவரும் பிடிபட்டார்கள். அந்தக் காசைக் கையில் எடுக்கும்போதெல்லாம் எனக்கு மனம் கனத்துப்போகிறது.

அடுத்து டிடியஸ் ஜூலியானஸ். 193-இல் மெய்க்காவல் படை அரியணையை ஏலம் விட்டது. ஒவ்வொரு வீரனுக்கும் 25,000 செஸ்டர்ஸ் (ரோம நாணயம்) தருவதாகச் சொல்லி இவர் எடுத்தார். ஆண்டது 66 நாள். காசில் பொறித்ததோ 'படைவீரர்களின் ஒற்றுமை'. விலை கூடுதல்தான், பொறுத்திருந்து வாங்குங்கள்.

எல்லோரும் தேடுவது ஓத்தோவை. 69 ஜனவரியில் வந்து ஏப்ரலில் தற்கொலை செய்துகொண்டவர். ரோமின் அக்கசாலை இவருக்குப் பொன்னும் வெள்ளியும் மட்டுமே அடித்தது, செம்பு இல்லை. ஜூலியஸ் சீசர் முதல் டொமிஷியன் வரையிலான பன்னிரு சீசர்களையும் முழுமையாகச் சேர்ப்பவர்கள் அனைவருக்கும் இவர் வேண்டும் என்பதால் தேய்ந்த காசுக்கும் போட்டி. இவர் பொய்முடி வைத்திருந்தார் என்று ரோம வரலாற்றாசிரியர் சூட்டோனியஸ் எழுதியிருக்கிறார். காசில் வரிவரியான அந்த முடி தெளிவாகத் தெரியும்.

பளபளப்பைத் தேடாதீர்கள். முகமும் பெயரும் படிக்க வருகிறதா என்று பாருங்கள். நான் முதலில் வாங்கிய ஜூலியானஸ் போலி. ஓரத்தைச் சுற்றி மெல்லிய வார்ப்புக் கோடு ஓடியதை லென்ஸ் வைத்துப் பார்த்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும். அசல் காசு அச்சில் வைத்து அடித்தது, அதில் அந்தக் கோடு வராது. செம்பின்மேல் வெள்ளித் தகடு போர்த்திய பழங்காலப் போலிகளும் உண்டு. தேய்ந்த இடத்தில் செம்பு எட்டிப் பார்க்கும்.

இன்னொன்று: கொங்கு நாட்டுப் புதையல்களில் கிடைத்த ரோம வெள்ளிக் காசுகளில் பெரும்பாலானவை ஓத்தோவுக்கு முந்தைய அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்தவை. கரூர் ஆற்று மணலில் கிடைத்த ஓத்தோ என்று யாராவது நீட்டினால் வாங்காதீர்கள்.