கேட்பவரைச் சம்மதிக்க வைக்கும் பேச்சுக்குக் குறிப்பு எழுதுவது எப்படி?

கல்லூரியில் ஏழு நிமிடம் பேச வேண்டும், விஷயம் மலைபோல் சேர்ந்துவிட்டது, எதை முன்னே வைப்பது எதைப் பின்னே வைப்பது என்று கேட்டிருக்கிறீர்கள். சேர்த்ததைக் கொஞ்ச நேரம் மூடி வையுங்கள். பேச்சைக் கேட்டுவிட்டு எழுந்து போகிறவர் என்ன செய்ய வேண்டும்? அந்த ஒரு வரியை முதலில் எழுதுங்கள்.

நான் இதை அவமானப்பட்டுத்தான் கற்றுக்கொண்டேன். கோலாலம்பூரில் செந்தூல் பக்கம் நாங்கள் இருக்கும் ஃபிளாட்டில் இரண்டு மூன்று வீடுகளில் டிங்கிக் காய்ச்சல் வந்துவிட, குடியிருப்பாளர் கூட்டத்தில் என்னைப் பேசச் சொன்னார்கள். நானும் தமிழ்ப்பள்ளிப் பேச்சுப் போட்டி நினைப்பில் அவையோர்க்கு வணக்கம் சொல்லி, டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் காலில் இருக்கும் வெள்ளைப் பட்டையில் தொடங்கி, டிங்கிக் கிருமியில் நான்கு வகை உண்டு என்பது வரை கால் மணி நேரம் முழங்கினேன். முடித்ததும் பின் வரிசையிலிருந்து ஓர் அங்கிள், "எல்லாம் சரி தம்பி, இப்ப நாங்க என்னதான் செய்யணும்?" என்றார். அதற்குப் பதில் என் தாளில் இல்லை.

அடுத்த கூட்டத்துக்கு ஓர் அட்டையின் அடியில் இதை எழுதினேன்: ஞாயிறு காலை பத்து நிமிடம், வீட்டில் தேங்கிய தண்ணீரைத் தேடிக் கொட்டுங்கள். அப்புறம் அந்த வரியிலிருந்து அட்டையில் மேல்நோக்கி எழுதிக்கொண்டு போனேன். ஏன் வாரம் ஒருமுறை? முட்டை கொசுவாகப் பறக்க ஏறக்குறைய ஏழு முதல் பத்து நாள் ஆகும், அதற்குள் கொட்டிவிட்டால் கதை முடிந்தது. காரணம் இது ஒன்றே போதும். வெள்ளைப் பட்டையைத் தூக்கிவிட்டேன் (மனசு கேட்கவில்லை, படமெல்லாம் வரைந்து வைத்திருந்தேன்).

தொடக்கத்துக்கு எங்கள் வீட்டு மணி பிளான்ட் போத்தலையே கையோடு கொண்டுபோனேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் தண்ணீரில் கொசுப்புழு மேலும் கீழும் நெளிவது தெரியும். முன் வரிசை ஆன்ட்டி ஒருவர் நான் முடிக்கும் முன்பே எழுந்து போனார், கோபமோ என்று பயந்தேன், அவர் வீட்டிலும் அதே செடியாம்.

அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் இருந்த ஆலன் மன்றோ என்பவர் 1930களில் ஒரு வரிசை வகுத்தார்: கவனத்தை இழு, குறையைக் காட்டு, தீர்வைச் சொல், அது நடந்தால் எப்படி இருக்கும் என்று கண்முன் நிறுத்து, செய்யச் சொல். பேசுவதற்கு அருமையான வரிசை. எழுதுவதை மட்டும் ஐந்தாவதிலிருந்து தொடங்குங்கள்.

பலரும் கோட்டை விடுவது மறுப்பில். கேட்பவர் மனதில் ஓடும் 'ஆனால்' எது என்று தீர்வுக்குப் பக்கத்திலேயே எழுதி வையுங்கள். எங்கள் ஃபிளாட்டில் அது, "எனக்குத்தான் ஒரு தடவை வந்து போயிடுச்சே, இனி என்ன பயம்?" என்பது. முதல் கூட்டத்தில் கொட்டாவி வாங்கிய அதே நான்கு வகைக் கதைக்கு இங்கேதான் வேலை வந்தது: ஒரு வகை வந்து போனால் அந்த வகைக்குத்தான் நீடித்த பாதுகாப்பு, இரண்டாம் முறை வேறு வகை தொற்றினால் இன்னும் கடுமையாகப் படுத்தும் வாய்ப்பு அதிகம். இதைச் சொன்னபோது ஒருவரும் கொட்டாவி விடவில்லை.

உங்கள் தலைப்பு என்னவென்று எழுதவில்லையே. கீழே போடுங்கள், கேட்பவர் கிளப்பக்கூடிய 'ஆனால்'களை நான் கிளப்பிப் பார்க்கிறேன்.