ஒரே சர்வரில் எட்டு விஎம், 10ஜி கார்டு போட்டும் வேகம் வரவில்லை. எஸ்ஆர்-ஐஓவி கார்டு வாங்கலாமா?

கேள்வி கடலூரில் உள்ள ஒரு கல்லூரியின் சர்வர் அறையிலிருந்து வந்திருக்கிறது. ஒரே சர்வர், லினக்ஸ், அதில் கேவிஎம் என்ற மெய்நிகராக்க மென்பொருள், எட்டு விஎம்கள் (மெய்நிகர் கணினிகள்). ஒன்று ஃபயர்வால், ஒன்று டிஎன்எஸ், ஒன்று ஃபைல் சர்வர், மீதி மாணவர்களின் லேப் மெஷின்கள். இன்டெல் எக்ஸ்520 இரட்டை போர்ட் கார்டு ஏற்கெனவே உள்ளே இருக்கிறது. விஎம்முக்குள் நெட்வொர்க் வேகம் அளக்கும் ஐபெர்ஃப்3 கருவியை ஓட்டினால் 2, 3 ஜிகாபிட்டைத் தாண்டவில்லை. எஸ்ஆர்-ஐஓவி (ஒரே கார்டைப் பல துண்டுகளாக்கி விஎம்களுக்கு நேராகக் கொடுக்கும் வசதி) உள்ள புதுக் கார்டு வாங்க வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

வாங்க வேண்டாம். எக்ஸ்520-இல் இருக்கும் 82599 சிப்புக்கே எஸ்ஆர்-ஐஓவி தெரியும். லினக்ஸில் ஒரு போர்ட்டிலிருந்து 63 விஎஃப் (அப்படி நேராகக் கொடுக்கும் துண்டு) வரை எடுக்கலாம். ஆனால் எட்டு விஎம்முக்கும் ஆளுக்கொரு விஎஃப் என்று பங்கிட்டுவிடாதீர்கள். உங்கள் எட்டில் அது உண்மையிலேயே தேவைப்படுவது ஃபயர்வாலுக்கும், சுமை அதிகமென்றால் டிஎன்எஸ்ஸுக்கும்தான். மற்ற ஆறும், விஎம்களுக்கென்றே செய்த மெய்நிகர் கார்டான விர்ட்ஐஓவிலேயே 10 ஜிகாபிட்டை நெருங்கிவிடும், ஒழுங்காக அமைத்தால்.

முதலில் விஎம்முக்குள் இப்போது என்ன கார்டு தெரிகிறது என்று பாருங்கள். எல்எஸ்பிசிஐ கட்டளையில் 82540இஎம் என்று வந்தால் அது இ1000. முழுக்க முழுக்க மென்பொருளால் நடிக்கப்படும் பழைய கார்டு. விஎம்முக்குள் இருக்கும் டிரைவர் அந்தக் கார்டின் ரெஜிஸ்டரைத் தொடும்போதெல்லாம் சிபியு விஎம்மை விட்டு வெளியே வந்து, ஹோஸ்டில் (விஎம்களைத் தாங்கும் சர்வரில்) அந்தக் கார்டை நடிக்கும் க்யூஇஎம்யு மென்பொருள் வேலையை முடித்து, மறுபடி உள்ளே போக வேண்டும். இந்தப் போக்குவரத்திலேயே நேரம் கரைந்துவிடும். ஓஎஸ் எது என்று குறிப்பிடாமல் விஎம் உருவாக்கினால் பெரும்பாலும் இந்த வகைதான் வந்து உட்காரும். மாடலை விர்ட்ஐஓ என்று மாற்றினாலே உங்கள் குறையில் பாதி தீர்ந்துவிடும். விண்டோஸ் விஎம் என்றால் மாற்றுவதற்கு முன்பே விர்ட்ஐஓ டிரைவரை உள்ளே நிறுவிவிடுங்கள். இல்லையென்றால் மறுமுறை பூட் ஆகும்போது நெட்வொர்க்கே இருக்காது.

விர்ட்ஐஓ, தான் ஒரு மெய்நிகர் கார்டு என்பதை விஎம்மிடம் மறைப்பதில்லை. விஎம்மும் ஹோஸ்டும் நினைவகத்தில் ஒரு வளையத்தைப் பகிர்ந்துகொள்ளும். விஎம் அதில் பாக்கெட்டை வைக்கும், ஹோஸ்ட் கெர்னலில் ஓடும் விஹோஸ்ட் என்ற த்ரெட் அதை எடுத்து பிரிட்ஜில் (ஹோஸ்டுக்குள் இருக்கும் மென்பொருள் சுவிட்சில்) போடும். இங்கே கவனிக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, க்யூ (பாக்கெட் வரிசை) எண்ணிக்கை. தனியாகச் சொல்லாவிட்டால் ஒரு க்யூதான், ஒரு விஹோஸ்ட் த்ரெட்தான். நான்கு கோர் கொடுத்த விஎம்முக்கு, விஎம்களை நிர்வகிக்கும் லிப்விர்ட்டின் எக்ஸ்எம்எல்லில் டிரைவர் வரியில் க்யூ 4 என்று எழுதுங்கள். விஎம்முக்குள் ஈத்டூல் கட்டளையில் எத்தனை க்யூ ஓடுகிறது என்று சரிபாருங்கள், பழைய கெர்னல்கள் தானாக ஏற்றிக்கொள்ளாது. இரண்டு, சோதனை முறை. ஒரு டிசிபி இணைப்பு ஒரு க்யூவில்தான் போகும், ஆகவே ஒற்றை இணைப்பை வைத்து நான்கு க்யூவை அளக்க முடியாது. இணைப்புகளைக் கூட்டினாலும், 2023 இறுதியில் வந்த 3.16க்கு முந்தைய ஐபெர்ஃப்3 எல்லா இணைப்பையும் ஒரே த்ரெட்டில்தான் ஓட்டும். பழைய பதிப்பு என்றால் வேறு வேறு போர்ட் எண்களில் நான்கு ஐபெர்ஃப்3 தனித்தனியாக ஓட்டிக் கூட்டிப் பாருங்கள். 'கார்டு சரியில்லை' என்று முடிவு கட்டியவர்களில் பலர் உண்மையில் ஐபெர்ஃப்பின் எல்லையைத்தான் அளந்திருப்பார்கள்.

இவ்வளவும் செய்தபின் ஹோஸ்டில் டாப் கட்டளையைத் திறந்து, சுமை உள்ள நேரத்தில் விஹோஸ்ட் த்ரெட்களைப் பாருங்கள். அவை ஒரு கோரை முழுதாக, 100 விழுக்காடு, தின்றுகொண்டிருந்தால் மட்டும் எஸ்ஆர்-ஐஓவி பக்கம் போகலாம்.

ஃபயர்வாலுக்கு மட்டும் ஏன் வேறு நியாயம்? ஃபைல் சர்வர் அனுப்புவது பெரிய துண்டுகள். டிஎஸ்ஓ இருப்பதால் 64 கேபி வரை ஒரே மூட்டையாக விர்ட்ஐஓ வளையத்தில் போகும், கார்டு அதைக் கடைசியில் நறுக்கிக்கொள்ளும். கம்பியில் முழு அளவு ஃப்ரேம்கள் என்றால் 10 ஜிகாபிட்டுக்கு நொடிக்குச் சுமார் 8.1 லட்சம். அதே 10 ஜிகாபிட்டை 64 பைட் ஃப்ரேம்களால் நிரப்பினால் நொடிக்கு 1 கோடியே 48 லட்சத்து 80 ஆயிரம். டிஎன்எஸ் கேள்வி, குரல் அழைப்பு, டிசிபி ஏக்க் (வந்து சேர்ந்தது என்ற ஒப்புகை) எல்லாம் இந்தச் சின்ன ரகம். பாக்கெட் ஒன்றுக்கு ஆகும் செலவுதான் அங்கே கணக்கு, பைட் அல்ல. எஸ்ஆர்-ஐஓவியில் விஹோஸ்ட், பிரிட்ஜ் இரண்டும் வழியிலேயே இல்லை. விஎஃப் என்ற கார்டின் ஒரு துண்டை விஎம்மின் டிரைவர் நேராகப் பிடித்துக்கொள்கிறது, கார்டு விஎம்மின் நினைவகத்தில் நேராக எழுதுகிறது, அடுத்தவர் நினைவகத்தில் கைவைக்காமல் ஐஓஎம்எம்யூ காவல் நிற்கிறது.

அமைக்கும் வரிசை: பயாஸில் விடி-டி, எஸ்ஆர்-ஐஓவி, அபவ் 4ஜி டிகோடிங் மூன்றையும் இயக்குங்கள். இன்டெல் சிபியு என்றால் கெர்னல் வரியில் இன்டெல்_ஐஓஎம்எம்யூ=ஆன், ஐஓஎம்எம்யூ=பிடி சேர்த்து ரீபூட். பிறகு சிஸ்எஃப்எஸ்ஸில் (கெர்னல் அமைப்புகள் ஃபைல்களாகத் தெரியும் இடத்தில்) அந்தப் போர்ட்டின் கீழ் இருக்கும் எஸ்ஆர்ஐஓவி_நம்விஎஃப்எஸ் ஃபைலில் 4 என்று எழுதினால் நான்கு விஎஃப் பிறக்கும். போதிய எம்எம்ஐஓ (கார்டுக்கான நினைவக முகவரி) இடமில்லை என்று கெர்னல் பதிவைக் காட்டும் டிமெசேஜ் புலம்பினால் பயாஸில் அந்த மூன்றில் ஒன்று விட்டுப்போயிருக்கும். 4ஐ 6 ஆக்க வேண்டுமென்றால் முதலில் 0 எழுதி, பிறகு 6 எழுத வேண்டும். நேராக மாற்றினால் 'பிஸி' என்று மறுத்துவிடும். இந்த எண்ணை மாற்றும்போது 82599 போர்ட் ஒருமுறை விழுந்து எழும். அதே போர்ட் வழியாக எஸ்எஸ்ஹெச்சில் உட்கார்ந்துகொண்டு செய்யாதீர்கள், கன்சோலிலிருந்தோ, சர்வரின் தனி நிர்வாக வழியான ஐபிஎம்ஐயிலிருந்தோ செய்யுங்கள்.

விஎஃப்புக்கு மேக் முகவரியை ஹோஸ்டிலிருந்து நீங்களே கொடுத்துவிடுங்கள், 02 என்று தொடங்கும்படி. கொடுக்காவிட்டால் ஒவ்வொரு ரீபூட்டுக்கும் ஒரு புது மேக் வரும், டிஹெச்சிபியில் கட்டிவைத்த ஐபி கைநழுவும். லிப்விர்ட்டில் ஹோஸ்ட்டெவ் வகை இன்டர்ஃபேஸாக, மேக், விலான் (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்) இரண்டையும் எக்ஸ்எம்எல்லில் எழுதிவிட்டால் அதுவே பார்த்துக்கொள்ளும். பிசிஐ முகவரியை நேராக எழுதுவதைவிட, போர்ட்டின் பெயரில் ஒரு விஎஃப் பூல் (விஎஃப் தொகுப்பு) அமைப்பது நல்லது. நாளைக்கு இன்னொரு கார்டைச் செருகினால் முகவரிகள் நகர்ந்துவிடும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று இருக்கிறது. ஒரே போர்ட்டில் பிரிட்ஜும் விஎஃப்பும் சேர்ந்திருப்பது. லேப் மெஷின் பிரிட்ஜில், ஃபயர்வால் விஎஃப்பில் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலிருந்தும் வெளியுலகத்துக்கு பிங் போகும். ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மட்டும் போகாது. லேப் மெஷின் ஏஆர்பி கேட்கிறது ('இந்த ஐபியின் மேக் என்ன?'), அது எல்லோருக்கும் போகும் பிராட்காஸ்ட் என்பதால் கார்டுக்குள் இருக்கும் சின்ன சுவிட்ச் அதை விஎஃப்புக்கும் தருகிறது. ஃபயர்வால் பதில் எழுதுகிறது. அந்தப் பதில் லேப் மெஷினின் மேக்கைத் தேடி வரும்போது, கார்டின் அட்டவணையில் அந்த மேக் இல்லை. பிரிட்ஜுக்குப் பின்னால் யார் யார் இருக்கிறார்கள் என்பது கார்டுக்குத் தெரியாது. தெரியாததை வெளியே கம்பியில் தள்ளிவிடுகிறது. வெளியே இருக்கும் சுவிட்சோ, அந்த மேக் இதே போர்ட்டில்தான் இருக்கிறது என்று கற்றுவைத்திருப்பதால், வந்த வழியே திருப்பி அனுப்பாமல் கீழே போட்டுவிடுகிறது. பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப்பை ஃபயர்வாலில் வைத்தால் கேள்வி வந்து பதில் போவது கண்ணுக்குத் தெரியும், லேப் மெஷினில் வைத்தால் பதில் வரவே வராது. ஃபயர்வால் விதியைக் குறைசொல்லி இரண்டு நாள் வீணாக்க வேண்டாம். 'பிரிட்ஜ் எஃப்-டி-பி' (மேக் அட்டவணையை மாற்றும்) கட்டளையால் லேப் மெஷினின் மேக்கை அந்த போர்ட்டில் சேர்த்தால் உடனே சரியாகும். ஆனால் ஒவ்வொரு விஎம்முக்கும் அதைச் செய்துகொண்டிருக்க முடியாது. உங்களிடம் இரண்டு போர்ட் இருக்கிறது, அதைப் பயன்படுத்துங்கள்: ஒன்று முழுக்க பிரிட்ஜுக்கு, மற்றொன்று முழுக்க விஎஃப்புக்கு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குப் போவது வெளி சுவிட்ச் வழியாகப் போய் வரட்டும்.

ஃபயர்வால் விஷயத்தில் இன்னும் சில. விஆர்ஆர்பி போன்று மேக்கை மாற்றிப் பேசும் நெறிமுறை வைத்திருந்தால் கார்டின் ஸ்பூஃப் செக் (பொய் மேக்கைப் பிடிக்கும் சோதனை) அதைத் தடுக்கும், அந்த விஎஃப்புக்கு மட்டும் அணைக்க வேண்டும். ஹோஸ்டிலிருந்து ஒரு விலான் பூட்டிவிட்டால் உள்ளே ஃபயர்வால் தன் விலான்களைப் போட முடியாது. 82599 விஎஃப்பில் பிறருக்கு வரும் யூனிகாஸ்ட்டை ஒட்டுக்கேட்கும் ப்ராமிஸ்கியூவஸ் நிலை கிடையாது, ஆகவே டிரான்ஸ்பரண்ட் பிரிட்ஜ் ஃபயர்வாலோ, ஊடுருவலைக் கண்டுபிடிக்கும் ஐடிஎஸ்ஸோ அதில் வேலை செய்யாது, அவற்றை விர்ட்ஐஓவில் விடுங்கள். பிஎஃப்சென்ஸ், ஓபிஎன்சென்ஸ் என்ற ஃபயர்வால் மென்பொருள்கள் விர்ட்ஐஓவில் இருந்தால் ஹார்டுவேர் செக்சம் ஆஃப்லோடை அணைத்தே தீர வேண்டும்.

கடலூரில் மழைக்காலத்தில் மின்சாரம் என்ன பாடு படும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2011 டிசம்பர் 30இல் தானே புயல் கரை கடந்தது கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான். எஸ்ஆர்-ஐஓவிக்கும் மின்வெட்டுக்கும் நேரான தொடர்பு இருக்கிறது. யுபிஎஸ் தீர்ந்து சர்வர் அணைந்து மறுபடி எழுந்தால், விஎஃப் எண்ணிக்கைக்கான அந்த சிஸ்எஃப்எஸ் ஃபைலில் நீங்கள் எழுதிய 4 இருக்காது, 0தான் இருக்கும். விஎஃப் இல்லாமல் ஃபயர்வால் விஎம் எழாது, அதன் பின்னால் இருக்கும் எல்லாம் இருட்டு. அன்று காலை லேப் தேர்வு என்றால் பிள்ளைகள் கதி என்ன என்று யோசித்துப் பாருங்கள். விஎஃப்பைப் படைக்க பூட் ஆகும்போது தானாக ஓடும் ஒரு சிஸ்டம்டி யூனிட் எழுதி, அது லிப்விர்ட்டுக்கு முன்பே ஓட வேண்டும் என்று அதில் குறிப்பிடுங்கள். எழுதியதோடு விடாமல், ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்வரை நிஜமாகவே அணைத்து, யாரும் கைவைக்காமல் எல்லாம் எழுகிறதா என்று பாருங்கள்.

அணையும் பக்கமும் ஒரு சிக்கல். சில லினக்ஸ் விநியோகங்களில் ஹோஸ்ட் அணையும்போது லிப்விர்ட்-கெஸ்ட்ஸ் சேவை விஎம்களின் நினைவகத்தை டிஸ்க்கில் சேமித்துத் தூங்கவைக்கும். விஎஃப் பிடித்திருக்கும் விஎம்மை அப்படிச் சேமிக்க முடியாது. கார்டுக்குள் இருக்கும் நிலையை க்யூஇஎம்யுவால் எடுக்க முடியாததுதான் காரணம். லைவ் மைக்ரேஷன் (ஓடும் விஎம்மை வேறு சர்வருக்கு மாற்றுவது) முடியாததும் இதனால்தான். அந்தச் சேவையின் அமைப்பில் சஸ்பெண்ட் என்று இருப்பதை ஷட்டவுன் என்று மாற்றி, யுபிஎஸ்ஸில் 5 நிமிடமாவது மீதி இருக்கும்போதே அணைக்கும்படி வையுங்கள். விஎஃப் உள்ள விஎம்மின் மொத்த ராமும் ஹோஸ்டில் பூட்டப்படும் என்பதையும் கணக்கில் எடுங்கள். 8 ஜிபி என்றால் முழு 8 ஜிபியும் போய்விடும், பலூனிங் (விஎம் பயன்படுத்தாத ராமை ஹோஸ்ட் திரும்ப எடுப்பது) எடுபடாது.

கடைசியாகக் கார்டு உட்கார்ந்திருக்கும் இடம். எக்ஸ்520 பிசிஐஇ 2.0, எட்டு லேன். நான்கு லேன் மட்டும் கிடைக்கும் ஸ்லாட்டில் செருகியிருந்தால் 16 ஜிகாபிட்தான் மேல் எல்லை, இரண்டு போர்ட்டும் ஒருசேர நிறையாது. எல்எஸ்பிசிஐயின் விரிவான வெளியீட்டில் லிங்க் ஸ்டேட்டஸ் வரியில் விட்த் எக்ஸ்8 என்று இருக்கிறதா என்று பாருங்கள். ஹீட்சிங்க் மட்டுமே உள்ள, காற்றோட்டத்தை நம்பிய கார்டு அது. டவர் கேபினெட்டில் என்றால் நேராக அதன்மேல் வீசும்படி ஒரு 80 மி.மீ. ஃபேன் வையுங்கள்.