சுட்டவர் எழுதிய சீட்டு

கேள்வி: காங்கிரஸ் தோன்றக் காரணமான ஏ. ஓ. ஹியூமைப் ‘பறவையியல் அறிஞர்’ என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். ஆயிரக்கணக்கில் பறவைகளைச் சுட்டுக் குவித்த ஒரு துரையின் பொழுதுபோக்கை ஆராய்ச்சி என்று மெச்சலாமா? முதுமையில் அவர் செடிகொடிகளின் பக்கம் திரும்பியது, செய்த பாவத்துக்குப் பரிகாரம்தானே? — வாசகர் ஒருவர், கும்பகோணம்

பதில்: சுட்டார் என்பது உண்மை, அவருக்காகப் பலர் சுட்டார்கள் என்பதும் உண்மை. 1885-இல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்கு அவர் வழங்கிய தொகுப்பில், பாடம் செய்த பறவைகளும் முட்டைகளுமாகச் சுமார் 82,000 இருந்தன. ஆனால் ஒன்றுபோலவே தோன்றும் இரண்டு குருவிகளைப் பிரித்தறிய, கையில் வைத்து அலகையும் சிறகையும் அளப்பதைவிட நம்பகமான வழி அக்காலத்தில் இருக்கவில்லை. வேட்டைக்காரரும் ஆய்வாளரும் பிரியும் இடம், பறவையின் காலில் கட்டப்படும் சிறு சீட்டு. எந்த ஊரில், எந்த நாளில், யார் சேகரித்தது என்பதை அது சொல்ல வேண்டும். பொய் சொல்லக் கூடாது.

1867 நவம்பரில், சட்லெஜ் பள்ளத்தாக்கில் ராம்பூர் அருகே, ஹியூம் ஒரு கதிர்க்குருவியைச் சேகரித்தார். பார்ப்பதற்கு மங்கிய பழுப்பு நிறக் குருவி. அலகு மட்டும் சற்றுப் பெரிது. நூறாண்டுக்கும் மேலாக, பாடம் செய்த அந்த ஒற்றைத் தோலை வைத்துக்கொண்டு, இது தனி இனமா, வேறோர் இனத்தின் திரிபா என்று அறிஞர்கள் வாதிட்டார்கள். தனி இனமே என்று 2002-இல் மரபணு ஆய்வு காட்டியது. 2006-இல் தாய்லாந்தில் உயிருள்ள குருவி ஒன்று வலையில் சிக்கியபோது, அதன் இறகிலிருந்து எடுத்த மரபணுவை ஒப்பிட்டுப் பார்க்க ஹியூமின் தோல் கைவசம் இருந்தது. நீங்கள் பொழுதுபோக்கு என்கிறீர்கள். 139 ஆண்டுகளுக்குப் பிறகும் சான்றாக நின்ற பொழுதுபோக்கு அது.

எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. 1873-இல் ஹியூம் விவரித்துப் பெயரிட்ட காட்டுச் சிற்றாந்தை, 1884-க்குப் பிறகு எவர் கைக்கும் கிடைக்கவில்லை. மைனெர்ட்ஸ்ஹாகன் என்ற ராணுவ அதிகாரி மட்டும் 1914-இல் குஜராத்தில் ஒன்றைப் பிடித்ததாகச் சீட்டு எழுதி வைத்திருந்தார். அந்தச் சீட்டை நம்பித் தேடியவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். அருங்காட்சியகத்திலிருந்து திருடிய பழைய தோலுக்குப் புதுச் சீட்டு எழுதி ஒட்டிய வேலை அது என்பது பின்னர் அம்பலமாயிற்று. பொய்ச் சீட்டை ஒதுக்கிவிட்டு உண்மைச் சீட்டுகள் காட்டிய இடங்களில் தேடிய அமெரிக்கப் பறவையியலாளர் பமேலா ராஸ்முசன் குழுவினர், 1997-இல் மகாராஷ்டிரத்தில் அந்த ஆந்தையை உயிரோடு கண்டார்கள். ஹியூம், மைனெர்ட்ஸ்ஹாகன் இருவருமே சம்பளத்துக்காகப் பறவை பார்த்தவர்கள் அல்லர். ஆகவே ‘பொழுதுபோக்கு’ என்ற சொல்லை வைத்து எதையும் தள்ளிவிட முடியாது.

ஹியூமின் உழைப்புக்கு இன்னொரு சான்று, அவர் இழந்தவை. முதல் தொகுப்பு 1857 கிளர்ச்சியில் அழிந்தது, மீண்டும் தொடங்கினார். பறவைகளுக்கென்றே ‘ஸ்ட்ரே ஃபெதர்ஸ்’ என்ற இதழைத் தாமே நடத்தி, நாடெங்குமிருந்த அதிகாரிகள், தோட்ட முதலாளிகள், ரயில்வே ஊழியர்கள் ஆகியோரின் குறிப்புகளை வாங்கி அச்சிட்டார். இந்தியப் பறவைகளைப் பற்றிய பெருநூலுக்காகப் பல்லாண்டுகள் எழுதிச் சேர்த்த கையெழுத்துப் படிகளை, அவர் சிம்லாவில் இல்லாத ஒரு குளிர்காலத்தில், வேலைக்காரர் ஒருவர் கடைத்தெருவில் பழைய காகிதமாக விற்றுவிட்டார். அதன் பின் ஹியூம் பறவையியலையே கைவிட்டார். (அவருக்காகக் காட்டில் அலைந்து, தோலுரித்துப் பாடம் செய்த நம் நாட்டவர் பெரும்பாலோரின் பெயர்கள் பதிவில் இல்லாதது எனக்கு உறுத்தலான விஷயம். அந்தக் குறையை நீங்கள் எழுப்பியிருந்தால் மறுபேச்சின்றி ஒப்புக்கொண்டிருப்பேன்.)

துரை என்ற முறையில் அவரைக் குற்றக் கூண்டில் ஏற்ற விரும்பினால், பறவைகளைவிட வலுவான சாட்சி வேறு இருக்கிறது. 1867 முதல் 1870 வரை அவர் உள்நாட்டுச் சுங்க ஆணையர். உப்பு வரி கட்டாமல் யாரும் உப்பைக் கொண்டுபோகாதிருக்க, வட இந்தியாவின் குறுக்கே பல நூறு மைல்களுக்கு இலந்தை, கருவேலம், களா, சப்பாத்திக்கள்ளி என்று நட்டு உயிர்வேலி வளர்த்தார்கள். எந்த மண்ணுக்கும் மழைக்கும் எந்த முட்செடி தாங்கும் என்று சோதித்துப் பார்த்தவர் இதே ஹியூம்தான். செடிகளோடு அவருக்கு உறவு முதுமையில் ஏற்பட்டதல்ல என்பதற்கும், அந்த உறவு பரிகாரமாகத் தொடங்கியதல்ல என்பதற்கும் இது போதும்.

பறவைகளைக் கொல்வதை அவர் நிறுத்தியதும் வேறு கதை. பிரம்மஞான சங்கத்தில் ஈடுபட்டு, சைவ உணவுக்கு மாறிய காலத்தில், அதாவது கையெழுத்துப் படிகள் தொலைவதற்கு முன்பே, அது நடந்துவிட்டது. தாவரவியலில் அவர் முழுமூச்சாக இறங்கியது 1890-களில் இங்கிலாந்து திரும்பிய பிறகுதான். அங்கும் பழைய ஹியூம்தான்: செடியைப் பிடுங்கி, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, இடமும் நாளும் எழுதினார். உயிரை எடுத்ததற்குப் பரிகாரம் தேடியவர் ஆயிரக்கணக்கில் செடிகளைப் பிடுங்கியிருப்பாரா என்பதை நீங்களே யோசித்துப் பாருங்கள். 1910-இல், சாதாரண உழைக்கும் மக்களும் தாவரவியல் கற்க வேண்டும் என்று சொந்தப் பணத்தில் தென் லண்டன் தாவரவியல் நிலையத்தை நிறுவினார். இரண்டே ஆண்டுகளில் காலமானார். நார்வுட் சாலையில் அவர் தொடங்கிய அந்த நிலையம் இன்றும் வகுப்புகள் நடத்திக்கொண்டிருக்கிறது.