மூவாயிரம் பேர் பார்க்கிறார்கள், மூட்டை நகரவில்லை

கேள்வி: கவுந்தப்பாடிக்குப் பக்கத்தில் எங்களுக்குச் சொந்தக் கரும்பும் ஆலையும் இருக்கின்றன. நாட்டுச் சர்க்கரை காய்ச்சி, ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தில் மூட்டையாகப் போட்டு வருகிறோம். வீடுகளுக்கு நேரடியாக விற்கலாம் என்று என் மகள் எட்டு மாதங்களுக்கு முன் இன்ஸ்டாகிராமில் ஆங்கிலப் பெயரில் ஒரு பக்கம் தொடங்கினாள். 3,200 பேர் பின்தொடர்கிறார்கள். ஆர்டர் வந்ததோ பதினொன்றுதான். மாதம் 12,000 ரூபாய் கொடுத்தால் மூன்று மாதத்தில் பத்தாயிரம் பேரைச் சேர்த்துத் தருவதாக ஒரு நிறுவனம் சொல்கிறது. கொடுக்கலாமா, ஐயா? பக்கத்தின் பெயரையும் மாற்ற வேண்டுமா?
— ஒரு வாசகி, ஈரோடு மாவட்டம்

பதில்: கொடுக்காதீர்கள், அம்மணி. மூன்று மாதத்தில் 36,000 ரூபாய் போகும். அதற்குக் கிடைக்கப் போவது ஓர் எண் மட்டும். இப்படித் திரட்டப்படும் கணக்குகளில் பல போலியாக இருக்கும். மீதிப் பேர் எந்த ஊர்க்காரர்களோ! உங்கள் வீடியோவை அவர்கள் தாண்டிப் போகப் போக, இதை யாரும் விரும்பவில்லை போலும் என்று இன்ஸ்டாகிராம் எடுத்துக்கொள்ளும். வாங்கக்கூடியவர்களுக்கும் காட்டாமல் விட்டுவிடும்.

3,200 பேரை விடுங்கள். அந்தப் பதினொரு பேர் யார்? எல்லோருக்கும் போன் செய்து மூன்று கேள்விகள் கேளுங்கள். எங்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள்? வாங்கும் முன் எதை நினைத்துத் தயங்கினீர்கள்? மறுபடி வாங்கினீர்களா? இத்தனை ஆண்டுகளாகக் கோவை, திருப்பூர், ஈரோடு பக்கத்துச் சிறு வியாபாரிகளுக்கு நான் முதலில் சொல்லும் வேலை இதுதான். பத்தில் எட்டுப் பேர் செய்வதில்லை. கூச்சம்.

அவர்கள் என்ன தயங்கினார்கள் என்பதை ஓரளவு என்னாலேயே ஊகிக்க முடிகிறது. “இது அசல்தானா? அஸ்கா (வெள்ளைச் சர்க்கரை) கலந்திருக்குமோ?” கவுந்தப்பாடிச் சர்க்கரைக்குப் பெயர் இருக்கிறது. பழனி தேவஸ்தானமே பஞ்சாமிர்தத்துக்கு அங்கிருந்துதான் கொள்முதல் செய்கிறது. அதே சமயம், வெள்ளைச் சர்க்கரையைக் கரைத்து ஊற்றுவதும், நிறம் வெளிறிப் பளிச்சென்று வர ஹைட்ரோஸ் என்ற வெளுப்பு ரசாயனம் போடுவதும் இந்தத் தொழிலுக்குக் கெட்ட பெயரையும் வாங்கிக் கொடுத்திருக்கின்றன. கோவைப் பீளமேட்டு அடுக்குமாடியில் இருக்கும் வாடிக்கையாளருக்கு நல்ல பெயரும் தெரியும், கெட்ட பெயரும் தெரியும். உங்கள் பக்கம் பதில் சொல்ல வேண்டியது அந்தச் சந்தேகத்துக்கு. நீங்கள் அனுப்பியிருந்த படங்களைப் பார்த்தேன். வெள்ளைத் துணி மேல் மரக் கிண்ணம், கிண்ணத்தில் சர்க்கரை, ஓரத்தில் ஒரு துளசி இலை. அழகுதான். ஆனால் அந்தப் படத்தைக் கலப்படக்காரரும் எடுப்பார்.

அவரால் எடுக்க முடியாதது உங்கள் ஆலைக் கொட்டகை. காட்டிலிருந்து கரும்பு வண்டி வருவது, சாறு கொப்பரையில் விழுவது, அழுக்கை வாரிக் கொட்டுவது, சக்கையை அடுப்பில் தள்ளுவது, பதம் பார்த்துப் பாகை இறக்குவது, தொட்டியில் தேய்க்கத் தேய்க்க அது பொடியாக உதிர்வது: இவற்றை வெட்டாமல் ஒட்டாமல் எடுத்துப் போடுங்கள். பின்னால் சினிமாப் பாட்டு வேண்டாம். வியாபாரக் கணக்குகளுக்குப் பல பாடல்களில் உரிமைச் சிக்கல் உண்டு, வீடியோவின் ஒலியையே முடக்கிவிடுவார்கள். கொப்பரை கொதிக்கும் சத்தமே போதும். பேசுவது உங்கள் வீட்டுக்காரராக இருக்கட்டும், அவர் வழக்கமாகப் பேசும் பேச்சிலேயே. செய்தி வாசிப்பவரைப் போலப் பேசச் சொல்லிக் கெடுத்துவிடாதீர்கள். அழுக்கெடுக்கச் சுண்ணாம்பு சேர்ப்பீர்களானால் அதையும் சொல்லிவிடுங்கள். மறைத்துவிட்டு “ரசாயனமே இல்லை” என்று எழுதினால், விவரம் தெரிந்த ஒருவர் கருத்துப் பகுதியில் வந்து மானத்தை வாங்குவார். போன தடவை பொன்னிறம், இந்தத் தடவை ஏன் கருஞ்சிவப்பு என்று கேட்பார்கள். ரகம், மண், பதம் என்று ஒரு நிமிட வீடியோ போட்டால் ஆண்டு முழுவதும் அதையே பதிலாக அனுப்பலாம். மழைக்காலத்தில் ஈரம் இழுத்துக் கட்டியாவதற்கும் அப்படியே. அங்கீகாரம் பெற்ற ஆய்வகத்தில் ஒருமுறை பரிசோதித்து அந்தச் சான்றைப் பக்கத்தின் தலைமாட்டில் நிலையாக வையுங்கள்.

எழுதக் கூடாதது ஒன்று உண்டு. “சர்க்கரை நோயாளிகளும் சாப்பிடலாம்” என்று உங்கள் மகள் மூன்று இடங்களில் எழுதியிருக்கிறாள். இன்றைக்கே எடுத்துவிடச் சொல்லுங்கள். நாட்டுச் சர்க்கரையிலும் பெரும்பங்கு வெள்ளைச் சர்க்கரையில் இருக்கும் அதே சுக்ரோஸ்தான், ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றத்தான் செய்யும். நீரிழிவைத் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடை செய்கிறது. 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, உணவைப் பற்றித் தவறான விளம்பரம் செய்தால் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்கலாம். உணவுப் பாதுகாப்புத் துறைப் பதிவு இருக்கிறதா என்று நீங்கள் எழுதவில்லை. இல்லையென்றால் இணையத்திலேயே விண்ணப்பிக்கலாம். சிறு தயாரிப்பாளர்களுக்கான அடிப்படைப் பதிவுக்கு ஆண்டுக் கட்டணம் 100 ரூபாய்தான். பதிவில் கிடைக்கும் 14 இலக்க எண், எடை, விலை, முகவரி எல்லாம் பொட்டலத்தில் இருக்க வேண்டும். பக்கத்திலும் இருந்தால் கேட்பவருக்கு நம்பிக்கை வரும்.

விலையைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். “விலைக்குத் தனிச் செய்தியில் வாருங்கள்” என்று எழுதுகிறீர்கள். சந்தையில் விலையைக் காதில் சொல்கிற கடைக்காரரிடம் நீங்கள் வாங்குவீர்களா? விலையை வெளிப்படையாகப் போடுங்கள், அதுவும் கூரியர் செலவைச் சேர்த்து. ஒரு கிலோவைச் சென்னைக்கு அனுப்பினால் கூரியர் கூலியே லாபத்தைத் தின்றுவிடும். ஐந்து கிலோப் பொட்டலத்தையே அடிப்படையாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து வாட்ஸ்அப். உங்கள் விற்பனை உண்மையில் நடக்கப் போவது இங்கேதான். இன்ஸ்டாகிராம் ஆளைக் கூட்டி வரும் பாதை, அவ்வளவே. ஆலைக்கென்று தனி எண் வாங்கி வாட்ஸ்அப் பிசினஸ் செயலியைப் போடுங்கள். காசு கிடையாது. பொருள் பட்டியலை விலையுடன் ஏற்றலாம், இரவில் கேட்பவருக்குத் தானியங்கிப் பதில் வைக்கலாம், பணம் வந்தவர், பார்சல் போனவர் என்று அடையாளச் சீட்டு ஒட்டலாம். வாடிக்கையாளர்களைக் குழுவில் சேர்க்காதீர்கள். ஒருவர் எண் எல்லோருக்கும் தெரியும், “காலை வணக்கம்” படங்களும் குவியும். ஒரே செய்தியை ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக அனுப்பும் ஒளிபரப்புப் பட்டியல் (பிராட்காஸ்ட்) போதும், ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம். ஆனால் உங்கள் எண்ணைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டுமே அந்தச் செய்தி போகும். அதனால் ஒவ்வொரு பார்சலிலும், எண்ணைப் பதிந்துகொள்ளச் சொல்லி ஒரு துண்டுச் சீட்டு வையுங்கள். பழைய முறைதான், இன்னும் வேலை செய்கிறது. தைப்பொங்கலுக்கும் தைப்பூசத்துக்கும் மூன்று வாரம் முன்னால் ஒரு செய்தி, புதிதாகச் சர்க்கரை காய்ச்சத் தொடங்கும்போது ஒரு செய்தி. அதற்கு மேல் தொந்தரவு.

கூகுள் வரைபடத்தில் ஆலை இல்லை என்பதைப் பார்த்தேன். கோபி சாலையில் காரில் போகிறவர் “பக்கத்தில் நாட்டுச் சர்க்கரை” என்று தேடினால் நீங்கள் வர வேண்டாமா? பதிவு இலவசம், இடத்தை வீடியோ எடுத்துக் காட்டச் சொல்லிச் சரிபார்ப்பார்கள். அந்தப் பதினொரு பேரையே விமர்சனம் எழுதச் சொல்லுங்கள். அதற்குத் தள்ளுபடி தருகிறேன் என்று மட்டும் சொல்லாதீர்கள், கூகுள் விதிப்படி அது குற்றம்.

கட்டண விளம்பரம் கூடாது என்று நான் சொல்லவில்லை. மேலே சொன்னவற்றையெல்லாம் முடித்த பிறகு, நாளுக்கு 200 ரூபாய் வீதம் பத்து நாள், கோவை, திருப்பூர், ஈரோடு மட்டும். நோக்கம் என்று கேட்கும் இடத்தில் விருப்பக்குறிகளை விட்டுவிட்டு “வாட்ஸ்அப் செய்தி” என்பதைத் தேர்ந்தெடுங்கள். செலவு 2,000, அதன் மேல் ஜிஎஸ்டி. எட்டுப் புது ஆர்டர் வந்தால் ஓர் ஆர்டருக்குச் சுமார் 300 ரூபாய் விழும். ஐந்து கிலோவில் உங்களுக்கு அவ்வளவு நிற்குமா? நிற்காது. ஆனால் அவர்களில் பாதிப் பேர் மாதாமாதம் வாங்குகிறவர்களானால் கணக்கு மாறிவிடும். அதனால்தான் மறுபடி வாங்கினார்களா என்ற கேள்வி.

நாளைக்கு எந்த நிறுவனத்திடம் வேலை கொடுத்தாலும், கடவுச்சொல்லைக் கொடுக்காதீர்கள். கணக்கு உங்கள் மின்னஞ்சலில், உங்கள் எண்ணில் இருக்கட்டும். அவர்களுக்குப் பணி செய்யும் அனுமதி மட்டும் கொடுங்கள். எனக்குத் தெரிந்த ஒரு பனியன் வியாபாரி ஆறு ஆண்டுகள் வளர்த்த பக்கத்தை இழந்தார். அதைத் தொடங்கிக் கொடுத்தவர் தம் சொந்த மின்னஞ்சலில் தொடங்கியிருந்தார், சண்டை வந்ததும் பக்கம் அவரிடமே நின்றுவிட்டது. உங்கள் விஷயத்திலும் பக்கம் மகளுடைய சொந்த எண்ணில்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். அவள் நாளைக்கு வேலைக்காகப் பெங்களூரு போவாள். இப்போதே ஆலை எண்ணுக்கு மாற்றி, கடவுச்சொல்லோடு இன்னொரு குறியீட்டையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பையும் போட்டுவிடுங்கள்.

எண் வெளியே போனால் திருடரும் வருவார். “ராணுவ முகாமுக்கு 200 கிலோ வேண்டும், முன்பணம் அனுப்ப இந்தக் கியூஆர் கட்டத்தை ஸ்கேன் செய்யுங்கள்” என்பார். பணம் வாங்குவதற்கு ஸ்கேனும் தேவையில்லை, ரகசிய எண்ணும் தேவையில்லை. ஏமாந்துவிட்டால் உடனே இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

பெயர்: மாற்றுங்கள். விற்பனைக் கூடத்தில் உங்கள் மூட்டையை எந்தப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரே இருக்கட்டும், அதோடு ஊர்ப் பெயரும் “நாட்டுச் சர்க்கரை” என்ற சொல்லும் சேரட்டும். தேடும்போது இன்ஸ்டாகிராம் அந்தப் பெயர்க் கட்டத்தையும் பார்க்கிறது. பலர் தமிழ்ச் சொல்லையே ஆங்கில எழுத்தில் தட்டித் தேடுவார்கள் என்பதால், அந்த வடிவத்தைப் படங்களின் கீழே எழுதும் குறிப்பில் சேர்த்துவிடலாம். 14 நாளுக்குள் இரண்டு முறைக்கு மேல் பெயரை மாற்ற விடமாட்டார்கள். “நாட்டு”க்குப் பின் “ச்” என்ற ஒற்றெழுத்து வேண்டுமா வேண்டாமா என்று அப்பாவும் மகளும் முதலில் பேசி முடிக்கட்டும், பிறகு மாற்றுங்கள்.