ஊசிக்குப் பிறகு நட்டஈடு: பரந்தனிலிருந்து வந்த தங்கச்சிக்கு

தங்கச்சி, மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். பரந்தனிலிருந்து கெயர் விசாவில் லண்டன் வந்திருக்கிறீர்கள். மகளுக்கு இங்கே ஒரு வயது ஊசி போட்டு ஒரு கிழமை கழித்துக் காய்ச்சலோடு வலிப்பு வந்தது, ஒரு இரவு ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள், இப்போது ஓடித் திரிகிறாள். ஒருவர் வந்து, ஊசியால் வந்த பாதிப்புக்கு நட்டஈடாக அரசாங்கத்திடமிருந்து 120,000 பவுண்ஸ் எடுத்துத் தருகிறேன், ஃபோர்ம் நிரப்ப எனக்கு இவ்வளவு தாருங்கள் என்கிறார். அதோடு ஊரில் அம்மாவுக்குக் கொவிட் ஊசிக்குப் பிறகு கால் விறைத்து நடக்கக் கஷ்டமாக இருக்கிறது, அதையும் இங்கே சேர்த்துக் கேட்கலாமா என்பது இரண்டாவது கேள்வி.

அந்த ஆளுக்கு ஒரு சதமும் கொடுக்காதீர்கள். ஃபோர்ம் இலவசம், ஒன்லைனில் நீங்களே நிரப்பலாம், உங்கள் மருத்துவப் பதிவுகளை ஜிபியிடமும் (குடும்ப டொக்டர்) ஆஸ்பத்திரியிடமும் கேட்டு எடுப்பதும் திட்டத்தை நடத்துகிறவர்களுடைய வேலை. சொலிசிட்டர் கூட தேவையில்லை, இடையில் ஒரு தரகர் எதற்கு?

ஆனால் அவர் சொன்ன தொகை பொய் இல்லை, அதுதான் ஆட்களை இழுக்கிறது. ஊசியால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசாங்கம் காசு கொடுக்க இங்கே 1979இல் ஒரு சட்டம் வந்தது. அதற்கு முந்தின வருடங்களில் குக்கல் (கக்குவான் இருமல்) தடுப்பூசியால் பிள்ளைகளின் மூளை பாதிக்கப்பட்டது என்று பெற்றோர் பெரிய போராட்டம் நடத்தினார்கள், பயத்தில் ஊசி போடுகிறவர்கள் பாதிக்கும் கீழே குறைந்து போனார்கள், குக்கல் திரும்பவும் பரவியது. பிறகு 1988இல் நீதிமன்றமே அந்த ஊசியால் நிரந்தர மூளைப் பாதிப்பு வரும் என்பது நிரூபிக்கப்படவில்லை என்று தீர்ப்பளித்தது வேறு கதை. சட்டம் மட்டும் நிலைத்துவிட்டது. தொடக்கத்தில் 10,000 பவுண்ஸ், 2007இலிருந்து 120,000. விலைவாசி எங்கேயோ போய்விட்டது, இந்தத் தொகை அப்படியே கிடக்கிறது, அது நியாயமே இல்லை என்பது என் எண்ணம். ஒரே தடவை தருவார்கள், அதற்கு வரி இல்லை. யாருடைய பிழை என்று நிரூபிக்கவும் தேவையில்லை. ஊசியால்தான் வந்தது என்பதற்கு, இல்லை என்பதைவிடக் கூடுதல் சாத்தியம் இருந்தால் போதும்.

சிக்கல் அடுத்த நிபந்தனையில். பாதிப்பு 60 வீதம் அல்லது அதற்கு மேல் இருக்கவேண்டும். அது எவ்வளவு என்று எங்களுடைய ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டமில்லை. வேலைத்தளக் காயங்களுக்கு இங்கே ஒரு அட்டவணை இருக்கிறது, அளப்பது அதே முறையில்தான். அதில் ஒரு கை மணிக்கட்டோடு போனால் 60 வீதம். ஷெல்லிலும் மிதிவெடியிலும் கை கால் இழந்தவர்களோடு வளர்ந்த எங்களுக்கு அந்த அளவு கண்ணுக்கு முன்னாலேயே தெரியும். 59 என்று டொக்டர் எழுதினால் பாதித் தொகை கூட இல்லை, ஒன்றுமே இல்லை. ஊசியால்தான் வந்தது என்று ஒத்துக்கொண்டு, வீதம் காணாது என்று திருப்பி அனுப்புவதும் நடக்கிறது. மறுபரிசீலனை கேட்கலாம், பிறகு ட்ரிபியூனலுக்கும் (தீர்ப்பாயம்) போகலாம், இரண்டுக்கும் காசு கட்டத் தேவையில்லை.

இப்போது மகளின் கதைக்கு வருவோம். ஒரு வயதில் போடுகிற எம்.எம்.ஆர். (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா மூன்றுக்குமான ஊசி) போட்டு ஆறிலிருந்து பதினொரு நாளுக்குள் காய்ச்சல் வலிப்பு வருவது டொக்டர்மாருக்குத் தெரிந்த விஷயம், கிட்டத்தட்ட ஆயிரம் பிள்ளைகளில் ஒன்றுக்கு. பார்க்கிற தாய்க்கு உயிர் போய்வரும், ஆனால் பிள்ளைக்குப் பின்விளைவு வைப்பதில்லை. அதனால் இந்தத் திட்டத்தில் உங்களுக்குக் கிடைக்க வழியில்லை என்று நேராகவே சொல்கிறேன், அவள் நல்லாயிருப்பதுதான் காரணம். இன்னொன்று, பிள்ளைக்கு 2 வயது ஆகும்வரை விண்ணப்பிக்கவே விடமாட்டார்கள். அந்தத் தரகருக்கு இது தெரிந்திருந்தும் காசு கேட்டாரோ, தெரியாமலே கேட்டாரோ, இரண்டும் ஒன்றுதான். அவசரப்படுத்தினால் நம்பவும் வேண்டாம். சிறு வயதில் போட்ட ஊசிக்கு 21ஆவது பிறந்தநாள் வரைக்கும் கேட்கலாம். பெரியவர்களுக்கு ஊசி போட்ட நாளிலிருந்து 6 வருடம்.

அதுக்காகச் சும்மா இருக்கவேண்டாம். ஹெல்த் விசிட்டர் தந்த சிவப்புப் புத்தகத்தை எடுத்து ஊசிப் பக்கத்தைத் திறந்து பாருங்கள். திகதி, ஊசியின் பெயர், பட்ச் நம்பர், நர்ஸின் கையெழுத்து எல்லாம் இருக்கிறதா? சில நேரம் பட்ச் நம்பர் ஒட்டுகிற சின்ன ஸ்டிக்கர் விடுபட்டிருக்கும், ஜிபி சேர்ஜரிக்குப் போய்க் கேட்டு எழுதுவியுங்கள். ஆஸ்பத்திரி தந்த டிஸ்சார்ஜ் கடிதத்தை அதற்குள்ளேயே வையுங்கள். பிறகு மஞ்சள் அட்டை என்று ஒரு முறை இருக்கிறது, ஊசிக்கோ மருந்துக்கோ பக்கவிளைவு வந்தால் யாரும் நேரே அறிவிக்கலாம். அதில் காசு வராது, ஆனால் பதிவு இருக்கும். அடுத்த ஊசியை நிறுத்திவிடாதீர்கள், போடமுன் வலிப்பு வந்ததை ஜிபியிடம் சொல்லுங்கள், அவ்வளவுதான்.

பேப்பர் சேர்க்கிற பழக்கம் எங்களுக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. 2009இல் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் போனபோது கூட, காணி உறுதியோடு பிள்ளைகளின் கிளினிக் அட்டையையும் சொப்பிங் பைக்குள் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு போன அம்மாமாரைப் பார்த்திருக்கிறேன். மெனிக் பாம் முகாமில் மிட்வைஃப் முதலில் கேட்டதும் அந்த அட்டையைத்தான். இங்கே வந்ததும் ஏனோ எல்லாம் கம்ப்யூட்டரில் இருக்கும் என்று விட்டுவிடுகிறோம்.

அம்மாவின் விஷயம் வேறு. ஊசி எந்த நாட்டில் போட்டதோ அந்த நாட்டுச் சட்டம்தான், மகள் லண்டனில் இருப்பதால் ஒன்றும் மாறாது. கிளிநொச்சியில் போட்ட ஊசிக்கு இங்கே ஃபோர்ம் இல்லை. இலங்கையில் இப்படி ஒரு தனிச் சட்டமும் இல்லை. பக்கவிளைவை எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) ஒஃபிஸ் பதிந்து கொழும்புக்கு அனுப்பும், விசாரிப்பார்கள், ஆனால் நட்டஈடு வேண்டுமென்றால் வழக்குத்தான். கொவிட்டுக்கு மட்டும் ஒரு விதிவிலக்கு வந்தது: நாடுகளுக்குக் கொவிட் ஊசி பகிர்ந்து கொடுத்த கோவாக்ஸ் என்ற சர்வதேச ஏற்பாட்டின் மூலம் வந்த ஊசிக்கு, இலங்கையும் சேர்ந்த, குறைந்த, நடுத்தர வருமானமுள்ள 92 நாடுகளுக்கென்று சர்வதேச நட்டஈட்டுத் திட்டம் ஒன்று. ஆனால் அம்மா போட்டது சைனோபாம் என்றால், அதில் பெரும்பகுதி அரசாங்கம் சீனாவிடம் நேரே வாங்கியதும் சீனா அன்பளிப்பாகத் தந்ததும், அந்தத் திட்டத்துக்குள் வராது. அம்மாவின் ஊசி அட்டையில் என்ன பெயர் இருக்கிறது என்று முதலில் பாருங்கள்.

வட்ஸ்அப்பில் வருகிற கதைகள் குழப்புவதும் இதனால்தான், நாலு நாட்டுக் கதை ஒன்றாகக் கலந்து வரும். அமெரிக்காவில் 1986இல் சட்டம் போட்டு, ஊசிக்கு வரி வாங்கி, ஊசி தடுக்கிற ஒவ்வொரு நோய்க்கும் 75 சென்ட் என்று, அந்தக் காசிலிருந்து கொடுக்கிறார்கள், நல்லெண்ணத்தோடு போட்ட வழக்கென்றால் தோற்றாலும் வக்கீல் செலவு கிடைக்கும். அங்கே தோள்மூட்டு நோவுக்கும் கொடுக்கிறார்கள், 60 வீதம் என்ற கதையே இல்லை. கனடாவில் கியூபெக்குக்கு எண்பதுகளிலிருந்தே சொந்தத் திட்டம் உண்டு, மற்ற மாகாணங்களுக்கு 2021இல்தான் வந்தது. ஸ்காபரோவில் இருக்கிற மச்சான் சொல்வது அங்கே சரியாயிருக்கலாம், இங்கே லண்டன் ஹரோவில் அது செல்லாது.

கடைசியாக அம்மாவின் காலைப் பற்றி. ஊசியால் வந்ததா என்பதைப் பிறகு பார்க்கலாம், முதலில் என்ன வருத்தம் என்று பிடிக்கவேண்டும். கால் விறைப்புச் சீனி வருத்தத்தாலும் வரும், முள்ளந்தண்டாலும் வரும், நரம்பு வருத்தத்தாலும் வரும். கிளிநொச்சி ஆஸ்பத்திரியில் காட்டி, தேவையென்றால் யாழ்ப்பாணத்துக்கு நரம்பு டொக்டரிடம் துண்டு வாங்கிப் போகச் சொல்லுங்கள். கிளினிக் கொப்பியையும் ஊசி அட்டையையும் இரண்டு பக்கமும் படமெடுத்து அனுப்பச் சொல்லுங்கள், திகதி தெரிகிற மாதிரி.