ஏரி எதிரே, தண்ணீர் கேனில்

கேள்வி: அக்கா, நானும் காலேஜ் நண்பர்கள் மூன்று பேரும் ஆகஸ்டில் ஜிம்பாப்வே போகிறோம். கரிபா ஏரிக்கரையில் இருக்கும் மட்டுசடோனா தேசியப் பூங்காவில் நான்கு ராத்திரி கூடாரம் போட்டுத் தங்கத் திட்டம். அங்கே கடை கண்ணி எதுவும் கிடையாதாம், எல்லாம் நாமே கொண்டுபோக வேண்டுமாம். ஏரிக்கரையில் இருந்துகொண்டு தண்ணீரையுமா சுமக்க வேண்டும்? ராத்திரி சிங்கம் வந்தால் என்ன செய்வது?
- ஒரு வாசகர், குரோம்பேட்டை

பதில்: தண்ணீரையும்தான் தம்பி. சிங்கத்தைப் பற்றி எல்லோரும் கேட்பார்கள், தண்ணீரைப் பற்றி யாரும் கேட்பதில்லை, அதனால் அதையே முதலில் சொல்லிவிடுகிறேன். கரிபாவில் முதலைகள் ஏராளம். கரையில் குனிந்து வாளியில் மொள்வது, பாத்திரம் கழுவுவது, சும்மா காலை நனைப்பது, எதுவுமே வேண்டாம். முதலை கண்ணில் படாத ஓரமாகப் பார்த்து இறங்கினாலும் பில்ஹார்சியா என்று ஒன்று இருக்கிறது, நன்னீர் நத்தையிலிருந்து வெளியே வரும் கண்ணுக்குத் தெரியாத புழு, தண்ணீரைக் குடிக்கக்கூட வேண்டாம், தோல் வழியாகவே உடம்புக்குள் போய்விடும்.

கணக்கு போடுவோம். குடிக்க, சமைக்க, கழுவ எல்லாம் சேர்த்து ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 லிட்டர். நான்கு பேர், ஐந்து பகல் என்றால் 160 லிட்டர், அதாவது நம் வீட்டுக்கு வரும் 20 லிட்டர் கேன் எட்டு. வண்டி எங்காவது சிக்கிக்கொண்டால் என்று இன்னும் இரண்டு. 2019 கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடத்தை வரிசையில் வைத்த ஊர் நம்முடையது, சிக்கனம் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. ஒரே பெரிய டிரம்மில் மட்டும் பிடிக்காதீர்கள், கரடுமுரடான பாதையில் அது விரிசல் விட்டால் மொத்தமும் போச்சு.

அப்புறம் சாப்பாடு. கேஸ் கேனிஸ்டரை விமானத்தில் ஏற்ற விடமாட்டார்கள், தலைநகர் ஹராரேயில் வாங்கிக்கொள்ளுங்கள். அரிசி, பருப்பு சரி. ஆரஞ்சு மாதிரி வாசனைப் பழங்கள் வேண்டாம், யானை மோப்பம் பிடித்து வரும். கரிபா ஊரில் கபென்டா என்று ஒரு சின்ன மீனைக் காயவைத்து விற்பார்கள், அசல் நம் நெத்திலிக் கருவாடுதான். 1960களில் டாங்கனிக்கா ஏரியிலிருந்து கொண்டுவந்து விட்டது. ராத்திரி ஏரி நடுவே வரிசையாக விளக்குகள் தெரிந்தால் அது கபென்டா பிடிக்கிறவர்கள். தக்காளி, வெங்காயம் போட்டு வதக்கி மக்காச்சோள மாவுக் களியோடு ஒரு நாளாவது சாப்பிட்டுப் பாருங்கள். ஆனால் சாப்பிட்ட கையோடு மிச்சம் மீதி, எண்ணெய்ச் சட்டி, குப்பைப் பை எல்லாம் இறுக்கி மூடிய டப்பாவில் வண்டிக்குள் போய்விட வேண்டும். கூடாரத்துக்குள் ஒரு பிஸ்கட் பாக்கெட்கூட இருக்கக் கூடாது. குப்பையைப் புதைத்தால் கழுதைப்புலி தோண்டி எடுத்துவிடும், ஆகவே ஊருக்கே திரும்பக் கொண்டுவாருங்கள்.

கூடாரம் போடும் இடத்தைப் பகலிலேயே குனிந்து பாருங்கள். மாட்டுவண்டித் தடம் மாதிரி இரண்டு பள்ளமும் நடுவே புல் திட்டுமாக ஒரு பாதை ஏரியிலிருந்து ஏறி வந்தால், அது நீர்யானை மேய வரும் வழி. அதன்மேல் போடாதீர்கள், அதற்கும் தண்ணீருக்கும் நடுவிலும் நிற்காதீர்கள். நான் போனபோது நடுராத்திரியில் பத்தடி தள்ளி ஒன்று மேய்ந்துகொண்டிருந்தது. பர்ர்க், பர்ர்க் என்று புல்லைப் பிடுங்கும் சத்தம், நடுவில் ஒரு பெருமூச்சு. அரை மணி நேரம் அசையாமல் படுத்திருந்தேன், அது தன் பாட்டுக்குப் போய்விட்டது.

சிங்கத்துக்கும் அதேதான். ஜிப்பை முழுசாக மூடிக்கொண்டு உள்ளே இருங்கள். ஒன்றுக்கு வந்தால் பாட்டில் வைத்துக்கொள்ளுங்கள், வெளியே போக வேண்டாம். 1958-ல் கரிபா அணையில் நீர் ஏற ஆரம்பித்ததும் மேடுகளில் மாட்டிக்கொண்ட ஆயிரக்கணக்கான விலங்குகளைப் படகு வைத்து மீட்டார்கள், அதில் நிறைய மட்டுசடோனாக் கரையில்தான் விடப்பட்டன. மூழ்கிய காட்டின் பட்ட மரங்கள் இன்றும் தண்ணீரில் நிற்பதைப் பார்ப்பீர்கள். ஒரு தடவை வீட்டை இழந்து வந்த கூட்டம் அது, நம்மால் அதற்கு இன்னொரு தொந்தரவு வரக் கூடாது என்ற எண்ணம் எனக்கு ரொம்பவே உண்டு.

கருநீல ஜீன்ஸை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். நீலமும் கறுப்பும், கடித்துத் தூக்க நோயைப் பரப்பும் செட்சி ஈயை இழுக்கும், அதைப் பிடிக்க வைக்கும் பொறியே அந்த நிறத் துணிதான். காக்கி நல்லது. மலேரியா மாத்திரையை டாக்டரிடம் கேட்டுக் கிளம்பும் முன்பே ஆரம்பித்துவிடுங்கள். திரும்பி வந்த பிறகு காய்ச்சல் வந்தால், ஒரு மாதம் கழித்து வந்தாலும், ஆப்பிரிக்கா போய் வந்ததை முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். அங்கே இருப்பது மலேரியாவிலேயே ஆபத்தான ஃபால்சிபாரம் வகை, காத்திருக்க நேரம் தராது.

கேள்வி: ஜிம்பாப்வே போக மஞ்சள் காய்ச்சல் ஊசி அவசியமா?
- ஒரு வாசகி, மயிலாப்பூர்

பதில்: ஜிம்பாப்வே மட்டும் என்றால் தேவைப்படாது. வழியில் கென்யா, எத்தியோப்பியா மாதிரி நாடுகளில் இறங்கித் தங்கினால் சான்றிதழ் வேண்டும், இல்லாவிட்டால் ஊர் திரும்பும்போது இங்கேயே நிறுத்திவிடுவார்கள். போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் செல்லும், ஆனால் ஒரு தடவை போட்டால் ஆயுளுக்கும் போதும். கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டில் போடுகிறார்கள், பாஸ்போர்ட்டை மறக்காமல் எடுத்துப் போங்கள்.